கடல்ல வருசம் கூடக்கூட மன அழுத்தம் கொறையுமா? என் ப்ராஜெக்ட்ல எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்க

தங்கச்சிமட_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் தபால் வழில எம்.எஸ்சி. சைக்காலஜி ரெண்டாவது வருசம் படிக்கிறேன், ஊரு தங்கச்சிமடம். அப்பா விசைப்படகுல கூலிக்குப் போனவரு, இப்ப முட்டி வலி வந்து கரைலயே வலை சரி பாக்குற வேலை பாக்குறாரு. அதனால தலைப்புக்குன்னு நான் அலையவே இல்ல, ராமேஸ்வரம் பகுதி மீனவர்களோட மன அழுத்தம்னு எடுத்துட்டேன். எங்க வீட்டுல தினமும் பாத்த விசயம், இத நல்லா செய்யணும்னு மனசார ஆசைப்பட்டுதான் எடுத்தேன்.

செஞ்சது இதுதான். கோஹன்னு ஒருத்தரு 1983-ல கொண்டு வந்த மன அழுத்த ஸ்கேல், அதோட 10 கேள்வி இருக்குறத எடுத்து நானே தமிழ்ல எழுதுனேன். வார நாள்ல நான் ஒரு கடைல கணக்கு எழுதுற வேலைக்குப் போறதால நாலு ஞாயித்துக்கிழமை காலைல ஜெட்டிக்கு, அதான் படகெல்லாம் வந்து நிக்கிற எடத்துக்குப் போயி 60 பேர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். வயசு, எத்தனை வருசமா கடலுக்குப் போறாங்க, சொந்த போட்டா கூலியா, இதெல்லாமும் கேட்டேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா கடல்ல வருசம் கூடக்கூட மன அழுத்தம் கொறையுதுன்னு கோரிலேஷன் (ரெண்டு விசயம் சேந்தே மாறுறது) வந்துச்சு. எனக்கு ரொம்ப சந்தோசம். கடல் அனுபவம் மனச பக்குவப்படுத்துதுன்னு ரெண்டு பக்கம் எழுதி கைடுக்கு அனுப்பிட்டேன்.

அவங்க போன் பண்ணி, நீ அளந்தது மன அழுத்தந்தானான்னே எனக்கு சந்தேகமா இருக்கு, மொதல்ல ஆல்ஃபா பாரு, அப்புறம் யாரக் கேட்டேன்னு யோசி, அதுக்கப்புறம் முடிவு எழுதலாம்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. ஆல்ஃபான்னா கேள்வியெல்லாம் ஒண்ணா சேந்து போகுதான்னு காட்டுற நம்பர், 1 பக்கமா வரணும், பாத்தா 0.4 கூட தொடல. ரிலையபிலிட்டி, வேலிடிட்டி, சாம்பிளிங் எல்லாத்துக்கும் டெஃபனிஷன் கேட்டா தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், ஆனா என் டேட்டால அது எங்க உக்காந்திருக்குன்னு எனக்கு தெரியல. வைவாக்கு (வாய்மொழித் தேர்வு) இன்னும் நேரம் இருக்கு, திரும்ப எடுக்கணும்னாலும் எடுக்க தயார். தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லித் தாங்க.

பரமக்குடி_வாத்தியார்:

தங்கச்சி, உங்க கைடு சரியான எடத்துல கை வச்சிருக்காங்க. நான் இந்த பேப்பர் ரொம்ப வருசமா எடுக்குறேன், அதனால சொல்றேன், மொதல்ல ஒரு சின்ன விசயத்த பாருங்க. அந்த 10 கேள்வில 4, 5, 7, 8 இந்த நாலும் நல்ல பக்கமா கேக்குற கேள்வி. உங்க பிரச்சனைய நீங்களே சமாளிச்சிருவீங்கன்னு நம்பிக்கை இருந்துச்சா, காரியமெல்லாம் நீங்க நெனச்சபடி நடந்துச்சா, இந்த மாதிரி. பதிலு ஒருபோதும் இல்லன்னா 0, ரொம்ப அடிக்கடின்னா 4. இதுக்கு ஒருத்தரு 4 போட்டா அவருக்கு அழுத்தம் கம்மின்னு அர்த்தம், அத 0-ன்னு திருப்பிப் போடணும், 3 வந்தா 1. நீங்க அப்படியே கூட்டியிருந்தா ஆறு கேள்வி ஒரு பக்கம் இழுக்குது, நாலு கேள்வி மறுபக்கம் இழுக்குது, ஆல்ஃபா எப்படி ஏறும்? க்ரோன்பாக் 1951-ல குடுத்த அந்த கணக்கு ஒரு ஸ்கேல்ல இருக்குற கேள்வியெல்லாம் ஒண்ணா சேந்து போகுதான்னுதான் பாக்குது. திருப்பிப் போட்டுட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க.

ஆனா அது ஏறிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சிராதீங்க. நீங்க ஏலக்கூடம் பாத்து வளந்த பிள்ளை, அதனால தராச வச்சே சொல்றேன். ஒரே பெட்டி நண்ட மூணு தடவ தூக்கி வச்சா மூணு எடை காட்டுது, அந்த தராசுல ரிலையபிலிட்டி இல்ல. மூணு தடவையும் ஒரே எடை காட்டுது, ஆனா நண்டோட சேத்து ஐசும் தண்ணியும் உள்ள கெடக்கு, அப்ப தராசு ஒழுங்காத்தான் இருக்கு, ஆனா அது நண்டோட எடை இல்ல. அதுதான் வேலிடிட்டி பிரச்சனை. உங்க 60 பேர்கிட்டயும் ஐசு எவ்வளவு கலந்திருக்குன்னு பாக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலைலன்னு சொல்றீங்க. இங்க விசைப்படகு திங்க, புதன், சனிதான் போகும். அப்ப ஞாயிறு காலைல நீங்க பாத்தவங்க எல்லாம் சனிக்கெழமை போயி ராத்திரி பூரா வலை இழுத்துட்டு கரைக்கு வந்து நிக்கிறவங்க. கண்ணு எரியும், மீன எறக்கணும், வியாபாரி கத்திக்கிட்டு இருப்பான். அந்த நேரத்துல போன ஒரு மாசத்துல எப்படி இருந்துச்சுன்னு கேட்டா அவரு சொல்றது போன ஒரு ராத்திரியப் பத்தி. பாடு நல்லா இருந்தா ஒரு பதிலு, வெறும் வலையோட வந்திருந்தா வேற பதிலு. நாட்டுப்படகுக்காரங்க அங்க இல்ல, பாசி எடுக்கப் போற பொம்பளைங்க இல்ல, கருவாடு காயப்போடுறவங்க இல்ல. மீனவர்கள்னு தலைப்பு வச்சிட்டு ஜெட்டில கண்ணுல பட்டவங்கள மட்டும் கேட்டா தலைப்பு ஒண்ணு, டேட்டா ஒண்ணு. கைக்கு கெடச்சவங்கள எடுக்குற அந்த முறைய யாரும் செய்யக்கூடாதுன்னு சொல்லல, நெறய பேரு செய்யிறாங்க, ஆனா அத வச்சு மொத்த கடற்கரைக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது.

இது உங்க ஊரு பிரச்சனை மட்டும் இல்ல. 2010-ல ஹென்ரிக்னு ஒருத்தரும் அவரு கூட ரெண்டு பேரும் சேந்து ஒரு கட்டுரை எழுதுனாங்க, உலகத்து மனுசங்களப் பத்தின்னு சொல்லி சைக்காலஜில எழுதுறதெல்லாம் பெரும்பாலும் மேல்நாட்டு காலேஜ் பிள்ளைங்கள மட்டும் வச்சு எழுதுனதுன்னு. அவங்களுக்கு காலேஜ் வாசல் பக்கத்துல இருந்துச்சு, உங்களுக்கு ஜெட்டி பக்கத்துல இருந்துச்சு.

சம்மாட்டி_மகன்:

நான் படிச்சவன் இல்லக்கா, பத்தாவதோட நிறுத்திட்டு ஒம்பது வருசம் கடலுக்குப் போனேன், இப்ப மண்டபத்துல கடை வச்சிருக்கேன். சும்மா படிச்சுட்டு போகலாம்னு வந்தேன், உங்க முடிவப் பாத்ததும் எழுதாம போக முடியல.

இருபது முப்பது வருசம் கடல்ல இருக்குறவங்களுக்கு அழுத்தம் கம்மின்னு வந்துச்சுல்ல, சரி. என் கூட ஒரே போட்டுல ஏறுனவங்க நாங்க ஏழு பேரு. ஒருத்தன் இலங்கை நேவிகிட்ட மாட்டி ஜெயிலுக்குப் போயிட்டு வந்ததுக்கப்புறம் கடலயே பாக்க மாட்டேன்னு திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். ரெண்டு பேரு கல்ஃபு. ஒருத்தன் குடிச்சே செத்துட்டான். நான் கடை. இன்னும் கடலுக்குப் போறது ரெண்டே பேருதான், அவனுங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேருந்தே எதுக்கும் அசராதவனுங்க. நீங்க ஜெட்டிக்குப் போனா அந்த ரெண்டு பேரத்தான் பாப்பீங்க. மத்த அஞ்சு பேரு உங்க பேப்பர்ல எங்க?

கடல் மனச பக்குவப்படுத்துச்சா, இல்ல பக்குவம் இல்லாதவங்கள கடல் தள்ளி விட்டுருச்சான்னு நீங்கதான் சொல்லணும்.

இன்னொண்ணு. மன அழுத்தம் இருக்கான்னு எங்கப்பாகிட்ட கேட்டா அவரு பிரஷர் மாத்திரைய எடுத்துக் காட்டுவாரு. எங்க ஆளுங்க மன அழுத்தம்னு சொல்ல மாட்டாங்க. ஒரே யோசனையா இருக்குன்னு சொல்லுவாங்க, மனசு ஒரு நெலைல இல்லன்னு சொல்லுவாங்க, ராத்திரி தூக்கம் புடிக்கலன்னு சொல்லுவாங்க, நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லுவாங்க.

பரமக்குடி_வாத்தியார்:

தம்பி சொன்னத அப்படியே உங்க அறிக்கைல ஒரு பத்தியா எழுதுங்க தங்கச்சி, நான் க்ளாஸ்ல ஒரு மணி நேரம் சொல்றத அவரு ஏழு பேர வச்சு சொல்லிட்டாரு. தாங்க முடியாதவங்க தொழில விட்டுப் போயிட்டா மிச்சம் இருக்குறவங்க எல்லாம் தெம்பானவங்களாத்தான் தெரிவாங்க. தொழிலாளிங்க உடம்பப் பத்தி ஆராய்ச்சி செய்யிறவங்க ரொம்ப காலமா இத கவனிச்சிருக்காங்க. கோரிலேஷன் காரணம் ஆகாதுன்னு நாம மனப்பாடம் பண்றோம்ல, அதுக்கு உங்க டேட்டாவே உதாரணம். வருசம் கூடுனா வயசும் கூடுது, பிள்ளைங்க சம்பாதிக்க ஆரம்பிச்சிருவாங்க, சிலருக்கு கடன் அடைஞ்சு சொந்த போட்டு வந்திருக்கும். இதுல எது அழுத்தத்த கொறச்சுதுன்னு அந்த ஒத்த நம்பர் சொல்லாது.

தொண்டி_சலீம்:

நான் சர்வே எடுக்குற வேலைல பதினோரு வருசமா இருக்கேன் தங்கச்சி. கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, கேள்வி கேக்குறது தெரியும். மொழிபெயர்ப்பப் பத்தி தம்பி சொன்னதால என் அனுபவம் ஒண்ணு சொல்றேன்.

தேவிபட்டினம் பக்கம் ஒரு தடவ மனநலம் சம்பந்தமா ஒரு சர்வே. பதில் அஞ்சு படி, ஒருபோதும் இல்ல, எப்பவாவது, சில நேரம், அடிக்கடி, எப்பவும்னு. படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு இத வாயால சொல்லி முடிக்கிறதுக்குள்ள மொத ரெண்டு மறந்துரும், அதனால எங்க டீம்ல ஒரு யோசனை பண்ணி அட்டைல அஞ்சு கூடை வரைஞ்சோம், வெறும் கூடைலேருந்து மீன் நெறஞ்ச கூடை வரைக்கும். கவலை எவ்வளவு இருக்கோ அந்த கூடைய தொட்டுக் காட்டுங்கன்னு சொன்னோம். மீன்காரங்களுக்கு மீன் கூடை, நல்லா புரியும்னு நெனச்சோம். மொத நாளு ஒரு அம்மா, வயசு அறுபது இருக்கும், புருசன் தவறி ஆறு மாசம், கண்ணுல தண்ணியோட பேசிக்கிட்டே வெறும் கூடைய தொட்டாங்க. நான் 0-ன்னு போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி பேப்பர திருப்பிப் பாக்கும்போதுதான் எனக்கு ஒறச்சது, அவங்களுக்கு நெறஞ்ச கூடைன்னா நல்ல பாடு, நல்ல நாளு, வெறும் கூடைன்னா ஒண்ணுமில்லாத நாளு. கஷ்டம்னு சொல்லத்தான் வெறும் கூடைய தொட்டிருக்காங்க. அன்னிக்கு எடுத்த பூராத்தையும் தூக்கிப் போட்டுட்டு அடுத்த நாளு அட்டைய மாத்துனோம், தலைல சுமை இல்லாத ஆளு, கொஞ்சம் சுமை, நிமிர முடியாத சுமைன்னு. அதுக்கப்புறம் யாருக்கும் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கல.

அதனால நீங்க தமிழ்ல எழுதுன கேள்விய 60 பேர்கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சாறு பேர்கிட்ட கேட்டுட்டு, இப்ப நான் என்ன கேட்டேன்னு நீங்க சொல்லுங்கன்னு திருப்பிக் கேளுங்க. அவங்க சொல்றதும் நீங்க நெனச்சதும் ஒண்ணா இருந்தா அந்தக் கேள்விய வைங்க.

அப்புறம் எங்க வச்சு கேட்டீங்க, பக்கத்துல யாரு நின்னா? சம்மாட்டி, அதான் படகு மொதலாளி, பக்கத்துல நின்னா கூலிக்காரரு எனக்கு ஒரு கொறையும் இல்லன்னுதான் சொல்லுவாரு. நீங்க வேற உள்ளூரு பொண்ணு, உங்கப்பாவ எல்லாருக்கும் தெரியும், வட்டிக்கடன் பத்தியும் குடியப் பத்தியும் உங்ககிட்ட சொல்ல கூச்சப்படுவாங்க. முடிஞ்சா நீங்க மண்டபம் பக்கம் எடுத்துட்டு உங்க ஊர்ல எடுக்க வேற பிள்ளைய அனுப்புங்க. உங்க மொகத்தயும் கொஞ்சம் கவனிங்க, பதிலு நீங்க எதிர்பாத்தது வரும்போது நம்மள அறியாம தலை ஆடிரும். எங்களுக்கு ட்ரெய்னிங்ல ஒரு குதிரை கதை சொன்னாங்க, ஜெர்மனில ஹான்ஸ்னு ஒரு குதிரை கூட்டல் கழித்தல் கணக்குக்கெல்லாம் காலால தட்டி விடை சொல்லுச்சாம், ஃபங்ஸ்ட்னு ஒருத்தரு ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி வச்சுப் பாத்து 1907-ல எழுதிட்டாரு, கேக்குற ஆளுக்கே விடை தெரியலன்னா குதிரைக்கும் தெரியல, கேக்குறவரு தலை லேசா அசையிறத வச்சுத்தான் அது நிறுத்திக்கிட்டு இருந்திருக்கு. கேக்குறவருக்கு தான் அசையிறோம்னே தெரியாது. கதை இல்ல, நடந்த விசயம்.

தங்கச்சிமட_பொண்ணு:

சலீம் அண்ணே, அந்த வெறும் கூடைய படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். நான் என்னோட எட்டாவது கேள்விய போயி பாத்தேன், எல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளது என்று உணர்ந்தீர்களான்னு எழுதி வச்சிருக்கேன். கட்டுப்பாடுன்னா எங்க ஊர்ல ஊர்க்கட்டுப்பாடு, போகக்கூடாதுன்னு சொல்றது. ஒரு மாமா ஆமா ஊருக்கு கட்டுப்பட்டுத்தான் இருக்கேன்னு சொன்னாரு, நானும் 4 போட்டுட்டேன். அன்னிக்கு எனக்கு புரியல, இன்னிக்குத்தான் புரியுது.

வாத்தியார் அண்ணே, நாலு கேள்வியயும் திருப்பிப் போட்டேன், ஆல்ஃபா 0.6-க்கு மேல வந்துருச்சு. அந்த கோரிலேஷன் இருக்குற எடம் தெரியாம சுருங்கிப் போச்சு. சந்தோசப்பட்டு எழுதுன ரெண்டு பக்கத்தயும் எடுத்துட்டேன். பழைய 60 பேரோட டேட்டாவ முன்னோட்டம்னு மட்டும் வச்சுக்கிறேன்.

திரும்ப எடுக்கப் போறேன், அதுக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளு. அந்த நேரம் எங்க வீட்டுல எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், நிவாரணம் வர்ற வரைக்கும் கடைல கடன் எழுதி வாங்குவோம். தடைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ, அதே ஆளுங்கள கேட்டா தடைக்காலம் அழுத்தத்த கூட்டுதான்னு சொல்லலாமா? இத எக்ஸ்பெரிமென்ட்னு எழுதலாமா?

ஏர்வாடி_நர்ஸ்:

வைவாக்காக மட்டும் இல்லாம கேக்குறவங்கள நெனச்சும் சில விசயம் சொல்லணும் பாப்பா. நான் மனநலப் பிரிவுல நர்ஸா இருக்கேன். நம்ம மாவட்டத்துல இருந்துக்கிட்டு மனசப் பத்தி ஆராய்ச்சி செய்யிற யாரும் 2001 ஆகஸ்ட் 6-அ மறக்கக்கூடாது. ஏர்வாடில ஒரு காப்பகத்துல தீப்புடிச்சு 28 பேரு செத்தாங்க, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. என்னைய இங்க வச்சிருக்க சம்மதமான்னு அவங்க யார்கிட்டயும் யாரும் கேக்கல. ஒத்துக்கிறதுங்கிறது ஒரு கையெழுத்து மட்டும் இல்லன்னு எனக்கு அதுலேருந்துதான் மனசுல பதிஞ்சது.

நீங்க கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி எதுக்கு கேக்குறீங்க, எவ்வளவு நேரம் ஆகும், பேரு எங்கயும் வராது, பாதில எந்திரிச்சுப் போனாலும் ஒண்ணும் நெனக்க மாட்டேன், இத அவங்க பேசுற தமிழ்ல வாயால சொல்லணும். பேப்பர நீட்டி ரேகை வாங்குனா அது சம்மதம் ஆகாது. முக்கியமா, இதுல கலந்துக்கிட்டா நிவாரணம் சீக்கிரம் கெடைக்கும்னு யாரும் நெனச்சிரக்கூடாது, தடைக்காலத்துல லிஸ்ட் எழுதிக்கிட்டு யாரு வந்தாலும் அரசாங்கத்து ஆளுன்னுதான் நெனப்பாங்க. அத மொத வாக்கியத்துலயே சொல்லிருங்க. காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும் டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடி வாங்கணும், எடுத்ததுக்கப்புறம் வாங்குறது இல்ல.

நீங்க வச்சிருக்குற ஸ்கேல்ல தற்கொலை பத்தி கேள்வி கெடையாது. டிப்ரஷனுக்கு ஒம்பது கேள்வி ஸ்கேல் இருக்குல்ல, அதுல ஒம்பதாவது கேள்வி அதுதான். அதச் சேக்கணும்னு ஆசை வந்தா ஒண்ணு யோசிங்க, ஒருத்தரு ஆமா, செத்துரலாம்னு தோணுதுன்னு சொல்லிட்டா அந்த எடத்துல நீங்க என்ன செய்வீங்க? 3-ன்னு குறிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. அதுக்கு பதில் கையில இல்லாம அந்தக் கேள்விய கேக்காதீங்க. கேக்காமலே சொல்றவங்களும் உண்டு, அதனால எப்படியும் 14416 நம்பர எழுதி வச்சுக்கங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசுவாங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு எந்த நாளு எத்தனை மணிக்குன்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதி, கேள்வி கேட்ட எல்லாருக்கும் குடுங்க, அப்பத்தான் யாருக்கு கஷ்டம்னு குடுத்தீங்கன்னு அடுத்தவங்களுக்கு தெரியாது.

பரமக்குடி_வாத்தியார்:

நர்ஸம்மா சொன்னதுக்கு மேல அதுல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் எக்ஸ்பெரிமென்ட் கேள்விக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

1934 ஜனவரி 15, பீகார்ல பெரிய பூகம்பம். அப்ப ஜமுனா பிரசாத்னு ஒருத்தரு ஜனங்க மத்தில ஓடுன வதந்தியெல்லாம் சேத்து அடுத்த வருசம் கட்டுரையா போட்டாரு. அதுல ஒரு விசயம், நெலம் ஆடுனத உணர்ந்தாங்க, ஆனா சேதம் ஒண்ணும் இல்ல, அந்த மாதிரி ஊர்லதான் இன்னும் பெரிய புயல் வரப்போகுது, வெள்ளம் வரப்போகுதுன்னு பேச்சு ஓடியிருக்கு. பயம் போயி ஆறுதல்தான வரணும்? அமெரிக்கால ஃபெஸ்டிங்கர்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளரு இத படிச்சிட்டு கொழம்பிட்டாரு. ஏற்கனவே மனசுல பயம் இருக்கு, பக்கத்துல பாத்தா பயப்பட ஒண்ணும் இல்ல, அந்த ரெண்டும் ஒத்துப் போகாததால பயத்துக்கு ஏத்த மாதிரி சேதி தேடிக்கிறாங்களோன்னு நெனச்சாரு. துர்கானந்த் சின்ஹா 1952-ல டார்ஜிலிங் நிலச்சரிவப் பத்தி எழுதுனது அவருக்கு ஒப்பிட உதவுச்சு, அங்க நெசமாவே சேதம் ஆன எடம், அங்க இந்த மாதிரி வதந்தி இல்ல. 1957-ல ஃபெஸ்டிங்கர் எழுதுன கொள்கை, நீங்க பாடத்துல படிக்கிற காக்னிட்டிவ் டிஸ்ஸனன்ஸ், அதாவது ஒத்துப் போகாத ரெண்டு நெனப்பு மனசுல இருந்தா அத எப்படியாவது ஒத்துப் போக வைக்கப் பாப்போம்ங்கிறது, அதுல இந்த பீகார் வதந்திக்கு ஒரு பங்கு இருக்கு. நம்ம நாட்டு ஜனங்க பேசுனத ஒருத்தரு உக்காந்து எழுதி வச்சதால வந்தது. உங்கள மாதிரி பிள்ளைங்ககிட்ட இத நான் விடாம சொல்றது அதுக்காகத்தான்.

ஆனா பீகாரும் டார்ஜிலிங்கும் வேற ஊரு, வேற வருசம், எழுதுனவரும் வேற. வித்தியாசத்துக்கு காரணம் சேதம்தான்னு அத வச்சு அடிச்சு சொல்ல முடியாது. அதனால 1959-ல ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டுல எக்ஸ்பெரிமென்ட் செஞ்சாங்க. மாணவங்கள ஒரு மணி நேரம் கட்டைய திருப்புறது, நூல்கண்ட தட்டுல அடுக்குறதுன்னு சலிச்சுப் போற வேலை செய்ய விட்டு, வெளிய காத்திருக்குற ஆளுகிட்ட இது நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வச்சாங்க, சிலருக்கு ஒரு டாலர், சிலருக்கு இருபது டாலர். அப்புறம் கேட்டா ஒரு டாலர் வாங்குனவங்கதான் வேலை நல்லாருந்துச்சுன்னு கூட சொன்னாங்க. இத்தனூண்டு காசுக்கு பொய் சொன்னது மனசுக்கு ஒத்துப் போகாததால நெனப்பயே மாத்திக்கிட்டாங்கன்னு அவங்க விளக்கம். யாருக்கு எவ்வளவுன்னு மாணவங்க தேர்ந்தெடுக்கல, ஆராய்ச்சி செஞ்சவங்க எந்த வரிசையும் இல்லாம பிரிச்சு விட்டாங்க. அந்த பிரிப்பு இருந்தாத்தான் எக்ஸ்பெரிமென்ட். மொத்தம் 71 பேரு, அதுல 11 பேர கணக்குல சேக்கல, ஏன் சேக்கலன்னு கட்டுரைலயே எழுதியிருக்காங்க. நீங்களும் எத்தனை பேரு வேணாம்னு சொன்னாங்க, யாரு பாதில போனாங்கன்னு எழுதணும்.

உங்க தடைக்காலத்த நீங்க பிரிச்சுக் குடுக்க முடியாது, அரசாங்கம் விதிக்குது. அதனால எக்ஸ்பெரிமென்ட்னு எழுதாதீங்க, குவாசி எக்ஸ்பெரிமென்ட்னு எழுதுங்க, அதாவது எக்ஸ்பெரிமென்ட் மாதிரிதான், ஆனா பிரிப்பு நம்ம கையில இல்ல. முன்னாடி நடுவுலன்னு ரெண்டு தடவ மட்டும் அளந்தா ஒரு ஓட்டை இருக்கு, ஏப்ரல் மே மாசம் எல்லாருக்கும் வெயிலு, பிள்ளைங்க லீவுல வீட்டுல, ஜூன்ல பள்ளிக்கூட செலவு, எது அழுத்தத்த கூட்டுச்சுன்னு தெரியாது. ஆனா உங்க கடற்கரையே உங்களுக்கு ஒரு வழி வச்சிருக்கு. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு அப்பவும் கடலுக்குப் போகுது. ஒரே ஊரு, ஒரே வெயிலு, ஒரே பள்ளிக்கூடம். ரெண்டு கூட்டத்தயும் மார்ச்லயும் கேளுங்க, மே கடைசிலயும் கேளுங்க. நாட்டுப்படகுக்காரங்களுக்கு எவ்வளவு கூடுச்சோ அத விட விசைப்படகு கூலிக்காரங்களுக்கு கூடுதலா எவ்வளவு கூடுச்சு, அந்த கூடுதல்தான் நீங்க தேடுறது. அப்பவும் ரெண்டு கூட்டமும் எல்லாத்துலயும் ஒண்ணு இல்ல, தடைக்காலத்துல நாட்டுப்படகு மீனுக்கு வெல ஏறும், அதையும் எழுதிருங்க.

ஆளுங்கள ஜெட்டில புடிக்காதீங்க. மீனவர் சங்கத்துல உறுப்பினர் பட்டியல் இருக்கும், அனுமதி வாங்கி, விசைப்படகு ஒரு பக்கம் நாட்டுப்படகு ஒரு பக்கம் பிரிச்சு, குலுக்கல்ல நம்பர் எடுங்க. நம்பர் விழுந்தவரு வீட்டுல இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரரப் புடிச்சு கேட்டுறாதீங்க, இன்னொரு நாளு திரும்பப் போங்க. தமிழ்ல எழுதுனத சைக்காலஜி தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்து இங்கிலீசுக்கு திருப்பச் சொல்லி மூலத்தோட ஒப்பிடுங்க. எத எதிர்பாக்குறீங்கன்னு டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதி தேதி போட்டு கைடுக்கு அனுப்பிருங்க. 2015-ல ஏற்கனவே வெளியான 100 சைக்காலஜி ஆய்வ திரும்ப செஞ்சு பாத்தாங்க, மூலத்துல 97 சதவீத ஆய்வு உறுதியான முடிவு வந்ததா சொல்லுச்சு, திரும்பச் செஞ்சப்ப 36 சதவீதத்துக்குத்தான் அப்படி வந்துச்சு. டேட்டாவ பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி கதை எழுதுற பழக்கத்துக்கு அதுல பங்கு உண்டுன்னு நெறய பேரு சொல்றாங்க.

சம்மாட்டி_மகன்:

அக்கா, நாட்டுப்படகுக்காரங்கள காலைல பதினோரு மணிக்கு மேல பாருங்க, அதுக்கு முன்னாடி யாரும் பேச மாட்டாங்க. கடல விட்டுப் போனவங்கள கேக்கணும்னா சொல்லுங்க, அந்த திருப்பூர் பையன் நம்பர் என்கிட்ட இருக்கு, அவன்கிட்ட கேட்டுட்டு தர்றேன்.

தங்கச்சிமட_பொண்ணு:

தம்பி, ரொம்ப நன்றி, அவருகிட்ட கேட்டுட்டே சொல்லுங்க, விட்டுப் போனவங்க ஒரு பத்து பேர்கிட்ட ஸ்கேல் இல்லாம சும்மா பேசி தனி அத்தியாயமா வைக்கலாமான்னு கைடுகிட்ட கேட்டிருக்கேன்.

நேத்து ராத்திரி பத்து கேள்வியயும் எங்கப்பாகிட்டயும் பெரியம்மாகிட்டயும் கேட்டுட்டு, நான் என்ன கேட்டேன்னு திருப்பி சொல்லச் சொன்னேன். மூணு கேள்விய அப்பா வேற மாதிரி சொன்னாரு. அந்த கட்டுப்பாடு கேள்விக்கு கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, அதுக்கு சுக்கான் உன் கையில இருந்துச்சான்னு கேக்கணும்மான்னு சொன்னாரு. பெரியம்மா சுக்கான் ஆம்பளைங்க கையில இருக்குறது, எனக்கு எப்படி பொருந்தும்னு கேட்டாங்க. இப்போதைக்கு, நடக்குறதெல்லாம் உங்க கைக்குள்ள இருக்குற மாதிரி தோணுச்சான்னு எழுதியிருக்கேன். சனிக்கெழமை பாம்பன்ல பாசி எடுக்குற அக்காங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டு எழுதுறேன்.